காட்டுப்பூனையா, சிறுத்தைப்பூனையா? பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் இந்தப் பக்கம். மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை அந்தப் பக்கம். நடுவில் தமிழ்நாடு, கேரள எல்லைச் சோதனைச் சாவடி. இரு பக்கமும் தமிழ் பேசுகிறோம், இரு பக்கமும் தென்னை வைத்திருக்கிறோம். இரவில் தோப்புக்குள் ஏதாவது ஓடினால் "சிறுத்தை வந்துருச்சு" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். எனக்கும் வரும். பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் அது காட்டுப்பூனையாக இருக்கும். மலையடிவாரத்துப் படமாக இருந்தால் சில சமயம் சிறுத்தைப்பூனையாக இருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

நம் பக்கம் மொத்தம் எத்தனை காட்டுவகைப் பூனைகள் இருக்கின்றன?

புலியையும் சிறுத்தையையும் தள்ளிவைத்தால் மூன்று. காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை, துரும்பன் பூனை. துரும்பன் பூனை உலகிலேயே மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. வளர்ந்த பிறகும் ஒன்று, ஒன்றரை கிலோதான். அதைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்பவர்களும் குறைவு. குழப்பமெல்லாம் முதல் இரண்டில்தான்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதலில் வாலைப் பாருங்கள். காட்டுப்பூனைக்கு உடம்புக்குப் பொருந்தாத குட்டை வால். நின்றால் பின்னங்காலின் மூட்டுக்குச் சற்றுக் கீழே வரைக்கும்தான் தொங்கும். நுனியில் கறுப்பு, அதற்கு மேலே ஒன்றிரண்டு கரிய வளையங்கள். கால்கள் நீளம். காய்ந்த புல்லின் நிறத்தில் புள்ளி இல்லாத உடம்பு. கால்களில் மட்டும் மங்கலாகச் சில பட்டைகள் தெரியும். காதுகள் பெரியவை, உயரமாக நிற்பவை, நுனியில் சின்னதாகக் கறுப்பு மயிர்க்கற்றை. நம் நாட்டுக் காட்டுப்பூனை மூன்று கிலோவிலிருந்து எட்டு கிலோ வரை இருக்கும். நெட்டைக்கால் வீட்டுப்பூனை மாதிரி ஒன்று, ஆனால் நடை மட்டும் வேறு என்று தோன்றினால் அது அநேகமாக இதுதான்.

சிறுத்தைப்பூனை இதற்கு நேர்மாறு. வீட்டுப்பூனை அளவுதான், சில சமயம் அதைவிடச் சிறியது. நான்கு கிலோவைத் தாண்டுவது அரிது. மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், வாலிலும் புள்ளிகள். வால் நீளம், உடம்பில் பாதி அளவாவது இருக்கும். தலை சிறியது. உள்கண்ணோரத்திலிருந்து நெற்றி ஏறும் இரண்டு வெள்ளைக் கோடுகள், அவற்றை ஒட்டிப் பின்கழுத்து வரை ஓடும் கறுப்புக் கோடுகள். காதின் பின்புறம் கறுப்பு, அதன் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. முகம் தெளிவாக விழுந்த படம் என்றால் அந்த நெற்றிக் கோடுகளே போதும், வேறெதையும் பார்க்கத் தேவையில்லை.

சிசிடிவி படத்தில் நிறமே தெரியவில்லை, அப்புறம் எப்படி?

இரவில் கேமரா அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுப்பதால் எல்லாமே கறுப்பு வெள்ளையாகிவிடும், மங்கலான புள்ளியும் அழிந்துபோகும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு உடல் அளவுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலுக்கும் உடம்புக்கும் என்ன விகிதம், வால் எங்கே முடிகிறது, காது கூரா வட்டமா. அது நின்ற இடத்துக்கு மறுநாள் பகலில் போய், பக்கத்திலுள்ள வேலிக்கல்லையோ சொட்டுநீர்க் குழாயையோ அளந்து பாருங்கள். காட்டுப்பூனையின் தோள் உயரம் ஒன்றேகால் அடி போல இருக்கும். வளர்ந்த சிறுத்தைக்கு அது இரண்டடி, அதற்கு மேலும் உண்டு. பக்கத்துப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், வெறும் படத்தில் எல்லாப் பூனையும் பெரிதாகத்தான் தெரியும்.

கால் தடம் வைத்துச் சொல்ல முடியுமா?

பூனை என்பதைச் சொல்லலாம். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் தடத்தில் நகக்குறி விழாது, நாயின் தடத்தில் விழும். சிறுத்தையின் தடம் காட்டுப்பூனை, சிறுத்தைப்பூனை இரண்டின் தடத்தையும்விட வெகு பெரியது, அதனால் "சிறுத்தை இல்லை" என்பதையும் சொல்லிவிடலாம். ஆனால் சின்னக் காட்டுப்பூனையா பெரிய வீட்டுப்பூனையா என்பதைத் தடத்தை மட்டும் வைத்து யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மரநாயும் புனுகுப்பூனையும் இதே குடும்பம்தானே?

இல்லை. அவை பூனைக் குடும்பமே கிடையாது. புனுகுப்பூனைக்கு முகம் கூராக நீண்டிருக்கும், உடம்பில் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும், வாலில் முழுநீளத்துக்கும் வளையங்கள். மரநாய் கரும்பழுப்பு, கால் குட்டை, உடம்பளவு நீளமான வால். ஓட்டுமேல் இரவில் தடதடவென்று ஓடுவது அநேகமாக மரநாய். சிறுத்தைப்பூனைப் படம் என்று எனக்கு வருபவற்றில் கணிசமானவை புனுகுப்பூனைதான். மூக்கைப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

வால்பாறையில் சிறுத்தைப்பூனை இருக்கிறது என்கிறார்கள். அறுபது கிலோமீட்டர் கீழே பொள்ளாச்சியில் ஏன் இல்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

சிறுத்தைப்பூனைக்கு ஈரமும் குளிர்ச்சியும் மரநிழலும் வேண்டும். ஆனைமலை, நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், வால்பாறை என்று மழை கொட்டும் மலைகளில் அது நன்றாகவே வாழ்கிறது. காடுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. காப்பித் தோட்டம், ஏலக்காய்த் தோட்டம், தேயிலைக்கு நடுவே விட்டுவைத்த சோலைத்துண்டு, ஓடைக்கரை எல்லாம் அதற்கு ஒத்துவரும். மரம் ஏறுவதில் கெட்டிக்காரப் பூனை. ஆனால் கொண்டையூசி வளைவுகள் முடிந்து ஆழியாறு தாண்டிச் சமவெளிக்கு இறங்கிவிட்டால் அதன் உலகம் முடிந்துவிடுகிறது. ஏப்ரலில் பாலக்காட்டுச் சமவெளி 40 டிகிரியைத் தொடும் ஊர்.

காட்டுப்பூனைக்கு அந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை. புல்வெளி, முட்புதர், வயல், குளத்தங்கரைக் கோரை எதுவும் அதற்குப் போதும். எகிப்திலிருந்து தென்கிழக்காசியா வரை பரவியிருக்கிற இனம் அது. இங்கே பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓரப் புதரிலும், நிலக்கடலைக் காட்டிலும், கரும்பிலும், தரிசு நிலத்திலும் குடியிருக்கிறது. அடர்ந்த மழைக்காடுதான் அதற்குப் பிடிக்காது.

இந்த இரண்டு பூனைகளையும் ஒப்பிட்டு ஷோமிதா முகர்ஜியும் அவருடைய குழுவினரும் செய்த மரபணு ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இந்தியா முழுக்கக் காட்டுப்பூனையின் மரபணுவில் பெரிய உடைப்பு எதுவும் இல்லை. வடக்கும் தெற்கும் தொடர்பில்தான் இருந்து வந்திருக்கின்றன. சிறுத்தைப்பூனையோ இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இமயமலை, வடகிழக்கு ஒரு கூட்டம், மேற்குத் தொடர்ச்சி மலை இன்னொரு கூட்டம். நடுவிலுள்ள மத்திய இந்தியாவின் கோடை வெப்பம் அதைக் கடக்க விடுவதில்லை.

நமக்கு இதில் என்ன என்று கேட்டால், நிறைய இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் காட்டுப்பூனை அற்றுப்போனால் பக்கத்து ஊரிலிருந்து இன்னொன்று வந்து சேரலாம். நம் மலைச் சிறுத்தைப்பூனை போய்விட்டால் வடக்கேயிருந்து வந்து நிரப்ப எதனாலும் முடியாது. உலகக் கணக்கில் இரண்டுமே "கவலை குறைந்த" இனம் என்றுதான் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சொல்லை வைத்து ஆனைமலைச் சிறுத்தைப்பூனையை எடைபோடுவது தப்பு என்பது என் உறுதியான கருத்து.

கூடுதலாக ஒன்று: இலங்கையில் காட்டுப்பூனை உண்டு, சிறுத்தைப்பூனை கிடையாது.

அப்படியானால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கவே இருக்காதா?

மலையடிவாரத்தில் இருக்கலாம். இலையுதிர்காடும் தோப்பும் சேரும் விளிம்பில், சேத்துமடை, கொல்லங்கோடு மாதிரியான இடங்களில் எதை வேண்டுமானாலும் எதிர்பார்க்கலாம். நேரமும் கொஞ்சம் வேறு. சிறுத்தைப்பூனை பெரும்பாலும் இரவுக்காரன். காட்டுப்பூனையை விடியலிலும் அந்தியிலும், ஏன், நல்ல பகலிலேயேகூடப் பார்க்கலாம்.

இவை என்ன சாப்பிடுகின்றன? விவசாயிக்கு லாபமா, நஷ்டமா?

இரண்டுக்குமே முதல் சாப்பாடு எலி. அப்புறம் பறவை, ஓணான், பாம்பு, தவளை, பூச்சி. ராஜஸ்தானில் சாரிஸ்கா புலிகள் காப்பகத்தில் நடந்த ஆய்வில் ஒரு காட்டுப்பூனை ஒரு நாளைக்கு மூன்றிலிருந்து ஐந்து எலி வரை பிடிக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்குப் பெருக்கினால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அது வறண்ட காட்டுக் கணக்கு, நம் தோப்புக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் குரும்பையைக் கடித்துப் போடும் எலிக்கும், கடலைக்காட்டில் வளை தோண்டும் வெள்ளெலிக்கும், வரப்பைக் குடையும் பெருச்சாளிக்கும் நாம் செலவழிக்கும் மருந்துக் காசை நினைத்துப் பாருங்கள்.

அறுவடை முடிந்த கடலைக்காட்டில் காட்டுப்பூனை வேட்டையாடுவதை நின்று பார்த்திருக்கிறேன். கண்ணைவிடக் காதைத்தான் அது அதிகம் நம்புகிறது. நாலடி நடக்கும், நிற்கும், தலையை அசைக்காமல் காதை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பும். கொடிச் சருகுக்கு அடியில் ஏதோ சரசரத்திருக்க வேண்டும்; எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்னங்கால்களை உடம்புக்கு அடியில் மெதுவாகச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் நேரே மேலே எழும்பி, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து அடித்து இறங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் வாயில் எலி. வரப்போரமாகப் போய்க் கோரைக்குள் நுழைந்துவிட்டது.

சரி, கோழியைப் பிடிக்கிறதே?

பிடிக்கும். மறுத்துப் பேச மாட்டேன். திறந்து கிடக்கும் நாட்டுக்கோழியைக் காட்டுப்பூனை விட்டுவைக்காது, மலையில் சிறுத்தைப்பூனையும் கோழிக்குஞ்சைத் தூக்கும். ஆனால் கீரி, மரநாய், தெருநாய், ஊரில் அலையும் வீட்டுப்பூனை எல்லாமே கோழி பிடிப்பவைதான். பழி மட்டும் காட்டுப்பூனை மேல் விழுகிறது.

பூனையைக் கொன்று இந்தச் சிக்கல் தீராது. அந்த இடத்துக்கு அடுத்தது வரும். கூட்டைச் சரிசெய்வதுதான் நிற்கும். பொழுது சாயும் முன்பே அடைத்துவிடுங்கள். பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பவர்கள் மேலே கனமான கல் வைக்க வேண்டும், இல்லையென்றால் தள்ளிவிடும். மெல்லிய அறுகோண வலை போதாது, அரை அங்குல வெல்டு மெஷ் அடியுங்கள். மேல்பக்கத்தையும் மூடுங்கள், ஏனென்றால் இரண்டு பூனையும் ஏறும். கதவுக்குக் கயிறு வேண்டாம், தாழ்ப்பாள் வேண்டும். வலையின் அடிப்பாகத்தை அரை அடியாவது மண்ணில் புதைத்துவிட்டால் கீரித் தொல்லையும் தீரும். கூட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதர் இல்லாமல் வெட்டிவிடுங்கள். பதுங்க இடமில்லாத வெட்டவெளியைக் கடக்க எந்தப் பூனையும் தயங்கும்.

மனிதரைத் தாக்குமா? ஆட்டுக்குட்டியை?

மனிதரைக் கண்டால் ஓடும். மூலையில் மடக்கிப் பிடிக்கப் போனால் மட்டும் கடிக்கும், கீறும். அப்படி நடந்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு வெறிநாய்க்கடி ஊசிக்கு மருத்துவமனை போய்விடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வளர்ந்த ஆடு இந்த இரண்டு பூனைக்கும் ஆகாத காரியம். ஆடு போயிருந்தால் தெருநாயையோ சிறுத்தையையோதான் முதலில் நினைக்க வேண்டும், அதை வனத்துறையிடம் சொல்ல வேண்டும்.

கரும்பு வெட்டும்போது குட்டிகள் கிடைத்தன. சிறுத்தைக் குட்டிகளா? என்ன செய்வது?

வெட்டுவதை அந்த இடத்தில் நிறுத்துங்கள். முதல் வேலை அதுதான், அடையாளம் பார்ப்பது அப்புறம்.

காட்டுப்பூனைக் குட்டிக்கும் பிறந்தபோது உடம்பில் கோடும் புள்ளியும் இருக்கும், வளர வளர மறையும். அதனால்தான் ஊரே சிறுத்தைக் குட்டி என்று கூடிவிடுகிறது. சிறுத்தைக் குட்டிக்குப் பாதம் தடிமனாக இருக்கும், காது சின்னதாக வட்டமாக இருக்கும், புள்ளிகள் நெருக்கமாகவும் கருமையாகவும் இருக்கும், வால் நீளமாகத் தொங்கும். காட்டுப்பூனைக் குட்டியின் காது இப்போதே கூராக நிமிரும், வால் குட்டையாக இருக்கும். சந்தேகம் இருந்தால் சிறுத்தை என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள், தாய் பக்கத்தில் இருக்கலாம்.

எந்தக் குட்டியாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. தொடாதீர்கள். பால் கொடுக்காதீர்கள், பசும்பால் அதற்கு வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். சுற்றிலும் கொஞ்சம் கரும்பை வெட்டாமல் விட்டுவிட்டு, நாய்களைக் கட்டிப்போட்டு, எல்லாரும் போய்விடுங்கள். இருட்டியதும் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு வேறு இடத்துக்கு மாற்றும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கரும்புக்காடுகளில் சிறுத்தைக் குட்டிகளையும் காட்டுப்பூனைக் குட்டிகளையும் இப்படித்தான் வனத்துறை தாயிடம் சேர்த்து வருகிறது. இரவு முழுக்க விட்டும் தாய் வரவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உண்மையில் கண்டதுமே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

பாவம் என்று தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். ஆனால் எலி பிடிக்கத் தாய் சொல்லிக்கொடுக்காத குட்டியைப் பிறகு காட்டில் விட முடியாது. கூண்டில்தான் அதன் காலம் போகும்.

குட்டியிலிருந்து வளர்த்தால் பழகிவிடாதா? பெங்கால் பூனை என்று விற்கிறார்களே?

பெங்கால் பூனை என்பது சிறுத்தைப்பூனையையும் வீட்டுப்பூனையையும் இணைத்து அமெரிக்காவில் உண்டாக்கிய வகை. பல தலைமுறை வீட்டுப்பூனையோடு கலந்த பிறகுதான் அது வீட்டுக்கு ஆகிறது. காட்டிலிருந்து எடுத்த குட்டி ஆறேழு மாதத்தில் தன் குணத்துக்கு வந்துவிடும்.

சீனாவில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய உழவர் குடியிருப்புகளில் கிடைத்த பூனை எலும்புகள் சிறுத்தைப்பூனையுடையவை என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது, மனிதரோடு ஒட்டி வாழ்ந்தது. ஆனாலும் அந்த உறவு நீடிக்கவில்லை. இன்று உலகெங்கும், சீனாவிலும்தான், வீட்டில் இருப்பது ஆப்பிரிக்க வகையிலிருந்து வந்த வேறு பூனை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் காக்கிறது. பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். சாவடியின் இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸில் இந்தியச் சிறுத்தைப்பூனை மிகக் கடுமையான முதல் பட்டியலிலும், காட்டுப்பூனை இரண்டாம் பட்டியலிலும் இருக்கின்றன.

எங்கள் வீட்டுப்பூனை காட்டுப்பூனையோடு சேருமா?

சேரக்கூடும். காட்டுப்பூனையும் வீட்டுப்பூனையும் ஒரே பேரினம், நெருங்கிய சொந்தம். சிறுத்தைப்பூனை தூரத்துச் சொந்தம். மீன்பிடிப் பூனையும் துரும்பன் பூனையும்தான் அதன் பங்காளிகள். கலப்பைவிட நோய்தான் எனக்குப் பெரிய கவலை. வீட்டுப்பூனைக்கு வரும் கொள்ளைக்கழிச்சல் போன்ற நோய்கள் காட்டுவகைப் பூனைக்கும் தொற்றும். தோட்டத்துப் பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டு, குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுங்கள்.

இவற்றுக்கு இப்போது என்னதான் ஆபத்து?

மலையில் சாலை, சமவெளியில் சாலையோடு எலி மருந்தும் நாயும் கண்ணியும்.

எலி மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். புரோமடியோலோன் கலந்த கேக் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் சோர்ந்து, தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைத்தான் பூனையும் ஆந்தையும் சுலபமாகப் பிடிக்கும். விஷம் அப்படியே அடுத்த வயிற்றுக்குப் போகிறது. எலிக்காக வைத்த மருந்து எலி பிடிப்பவனைக் கொல்கிறது. வைத்தே ஆக வேண்டும் என்றால் பெட்டிக்குள் வையுங்கள், செத்த எலியை தினமும் பொறுக்கி ஆழப் புதையுங்கள். தோப்பில் மரத்தில் தகடு கட்டுவதும் பொறி வைப்பதும் இன்னும் நல்ல வழி: தென்னைத் தண்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் வழவழப்பான தகரம் அடித்தால் எலி ஏறாது, மட்டைகள் ஒன்றோடொன்று தொடாதிருந்தால்.

பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிக்குப் பன்றி எது, பூனை எது என்று தெரியாது. உங்கள் வேலியில் யாராவது கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்.

காட்டுப்பூனையைப் பற்றி எனக்குள்ள ஆதங்கம், அதற்கென்று ஓர் எல்லைக்கோடு இல்லை என்பது. சிறுத்தைப்பூனைக்கு ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. காட்டுப்பூனை வாழ்வது பட்டா நிலத்தில், புறம்போக்கில், "தரிசு" என்று கணக்கெழுதிய புல்காட்டில். அந்தத் தரிசு மனையாகும்போது யாரும் அதைக் காட்டழிப்பு என்று சொல்வதில்லை.

சாலையில் அடிபட்டுக் கிடந்தால் யாரிடம் சொல்வது?

உயிர் இருந்தால் கையால் தூக்காதீர்கள். கனமான சாக்கையோ போர்வையையோ மேலே போட்டுவிட்டு, வெளிச்சமும் கூட்டமும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செத்திருந்தாலும் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் ஒரு படம், முகம் தெரிய ஒரு படம், வால் முழுதாகத் தெரிய ஒரு படம் எடுத்து, கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உடலை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. பெண் பூனையாக இருந்து மடியில் பால் இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். பக்கத்துப் புதரில் குட்டிகள் காத்திருக்கும், அன்றைக்கே தேட வேண்டும்.